ஸ்டுடியோ யாருக்குச் சொந்தம்?

கேள்வி: கேம் வடிவமைப்பு படிக்கிறேன். நிண்டெண்டோவில் சேர வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் அதன் கேம்களில் ரெட்ரோ, மோனோலித் சாஃப்ட், ஹால் என்று பல பெயர்கள் வருகின்றன. எவை அதற்குச் சொந்தமானவை? எங்கே விண்ணப்பிப்பது?

பதில்: உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஸ்டுடியோ யாருக்குச் சொந்தம் என்பது ஒன்று. கேமின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் குழப்பம் வருகிறது.

செல்டா, மாரியோ கேம் வரிசைகளை முன்னின்று உருவாக்கும் ஈ.பி.டி. தனி நிறுவனம் அல்ல, நிண்டெண்டோவுக்குள் இயங்கும் ஒரு பிரிவு. முன்பிருந்த ஈ.ஏ.டி., எஸ்.பி.டி. ஆகிய இரு பிரிவுகளை 2015 செப்டம்பரில் இணைத்து இதை அமைத்தார்கள். இதில் சேர்பவர் நேரடியாக நிண்டெண்டோவின் ஊழியர்.

ரெட்ரோவும் மோனோலித் சாஃப்டும் துணை நிறுவனங்கள், அதாவது நிண்டெண்டோவுக்குச் சொந்தமான தனி நிறுவனங்கள். 1998இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் தொடங்கிய ரெட்ரோவை நிண்டெண்டோ 2002இல் முழுமையாக வாங்கியது. மோனோலித் சாஃப்டின் பெரும்பான்மைப் பங்குகளை 2007இல் நாம்கோ பண்டாய் குழுமத்திடமிருந்து பெற்றது. கனடாவின் நெக்ஸ்ட் லெவல் கேம்ஸ் 2021இல் வந்து சேர்ந்தது. இவை தனித்தனிச் சட்ட அமைப்புகள் என்பதால் ஆள் எடுப்பதும் தனித்தனியாகவே நடக்கிறது.

ஹால், இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ், கேம் ஃப்ரீக் ஆகியவை பல பத்தாண்டுகளாக நிண்டெண்டோவுடன் நெருங்கிப் பணியாற்றினாலும் அதன் துணை நிறுவனங்கள் அல்ல. ஹாலின் தலைவராக இருந்த சதோரு இவாட்டாவே பின்னர் நிண்டெண்டோவின் தலைவரானார் என்பதால், ஹாலும் அதற்குச் சொந்தம் என்று பலர் நம்புவதில் வியப்பில்லை.

கேமின் தொடக்கத் திரையில் வரும் பதிப்புரிமை வரி இதைத் தீர்த்துவைக்காது. போக்கிமான் கேம்களில் நிண்டெண்டோ, கிரியேச்சர்ஸ், கேம் ஃப்ரீக் என்ற மூன்று பெயர்களைக் காணலாம். அங்கே அவை வெவ்வேறு நிறுவனங்கள். செனோபிளேடு கேம்களில் நிண்டெண்டோவுக்கு அடுத்து மோனோலித் சாஃப்ட் என்றிருக்கும். அதுவோ துணை நிறுவனம். வரியின் அமைப்பு ஒன்றுதான், உறவு வேறு.

இரண்டு உரிமைகளும் பிரிந்துபோவதைப் புரிந்துகொள்ள ரேர் ஸ்டுடியோவின் கதையை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. நிண்டெண்டோவிடம் அதன் 49 சதவீதப் பங்குகள் இருந்தன. 2002இல் மைக்ரோசாஃப்ட் 37.5 கோடி டாலருக்கு ரேரை வாங்கியபோது, அந்த ஸ்டுடியோவே படைத்த பாஞ்சோ கேம் வரிசை அதனுடன் சென்றது. ஆனால் அதே ஊழியர்கள் பாடுபட்டு உருவாக்கிய டாங்கி காங் கன்ட்ரி கேம் வரிசை நிண்டெண்டோவிடமே நின்றுவிட்டது. 2010இல் அந்த வரிசையின் அடுத்த கேமை உருவாக்கியது ரெட்ரோ.

ஆகவே, நிண்டெண்டோவின் ஆண்டறிக்கையில் துணை நிறுவனங்கள் இடம்பெறும் பகுதியை முதலில் பாருங்கள். பிறகு வேலை அறிவிப்பில் பணியமர்த்துபவராக எந்த நிறுவனத்தின் முழுப்பெயர் இருக்கிறது என்று கவனித்து, அந்த நிறுவனத்துக்கே விண்ணப்பியுங்கள். நீங்கள் வரைவதும் எழுதுவதும் பெரும்பாலும் நிறுவனத்தின் உடைமையாகிவிடும் என்பதால், வெளிவந்த கேமில் உங்கள் பங்களிப்பைப் பின்னாளில் மாதிரிப் படைப்பாகக் காட்ட அனுமதி உண்டா என்பதைக் கையெழுத்திடுவதற்கு முன்பே கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.