இரண்டு துறைகளும் ஒரு நிறுவனமும் சேர்ந்த முனைவர் பட்ட ஆய்வு: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

புள்ளியியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற உங்கள் மகளுக்கு, புள்ளியியல் துறையும் மருத்துவத் துறையும் இணைந்து நடத்தும், மருத்துவக் கருவி நிறுவனம் ஒன்றும் பங்கேற்கும் முனைவர் பட்ட ஆய்வில் இடம் கிடைத்திருக்கிறது என்றும், அது அவரை ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்ற நிலையில் நிறுத்திவிடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் அதற்காக அந்த இடத்தை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. சேர்வதற்கு முன்பே சில செய்திகளை எழுத்தில் உறுதிசெய்துகொண்டால் தயங்காமல் சேரலாம் என்பது என் கருத்து.

முதலில், இத்தகைய ஆய்வில் அவருக்குக் கிடைக்கப்போவது என்ன என்பதைப் பார்ப்போம். நோயாளிகளின் தரவுகளில் பல கட்டங்கள் நிரப்பப்படாமல் இருக்கும். அந்த வெற்றிடங்களைக் கணக்கில் எப்படிக் கையாள்வது என்பதற்குப் புள்ளியியலில் நல்ல முறைகள் உண்டு. ஆனால் எந்த முறை பொருந்தும் என்பது, அந்தக் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நோயாளி நலமாக இருந்ததால் பரிசோதனை தேவைப்படவில்லையா, அல்லது பரிசோதனையைத் தாங்க முடியாத அளவுக்கு உடல்நிலை மோசமாக இருந்ததா என்பதைக் கணினித் திரை சொல்லாது. அதை எழுதிய செவிலியருக்குத் தெரியும். அவருடன் உட்கார்ந்து பேசிய புள்ளியியலாளரின் முடிவுக்கும் பேசாதவரின் முடிவுக்கும் இடையில் பெரிய வேறுபாடு ஏற்படலாம். இந்தப் பழக்கம் வகுப்பறையில் வருவதில்லை. மருந்து ஆராய்ச்சி, பொதுச் சுகாதாரம், காப்பீடு என எங்கே வேலைக்குப் போனாலும் இது அவருக்கு உதவும்.

கூட்டாய்வின் ஆற்றலுக்கும், அதில் ஒளிந்திருக்கும் இடருக்கும் பெனிசிலினைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928-இல் அதைக் கண்டறிந்தபின், மருந்தாகப் பயன்படும் நிலைக்கு அதைக் கொண்டுவந்தது ஆக்ஸ்ஃபோர்டில் நோயியல் அறிஞர் ஹோவர்ட் ஃப்ளோரியும் உயிர்வேதியியலர்களான எர்ன்ஸ்ட் செயினும் நார்மன் ஹீட்லியும் அடங்கிய குழு. 1941-இல் ஃப்ளோரியும் ஹீட்லியும் அமெரிக்கா சென்றபின், வேளாண்மைத் துறையின் ஆய்வகம் ஒன்றும் மருந்து நிறுவனங்களும் கைகோத்ததால்தான் உற்பத்தி பெருகியது. 1945-இல் நோபல் பரிசு ஃபிளெமிங், ஃப்ளோரி, செயின் ஆகிய மூவருக்குக் கிடைத்தது. பெனிசிலினைப் பிரித்தெடுக்கும் வழியை வகுத்த ஹீட்லியின் பெயர் அதில் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு அவருக்கு மதிப்புறு மருத்துவ முனைவர் பட்டம் அளித்தது 1990-இல்தான். பலர் சேர்ந்து செய்யும் வேலையில் இளையவரின் பங்கு பார்வைக்கு வராமல் போவது இன்றும் நடப்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

ஆகவே, முதல் கட்டுரை எழுதத் தொடங்குமுன்னரே ஆசிரியர் வரிசையைப் பேசி முடிக்கச் சொல்லுங்கள். உயிரியல், மருத்துவக் கட்டுரைகளில் வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர் பெயர் முதலிலும், ஆய்வகத் தலைவர் பெயர் இறுதியிலும் வருவது வழக்கம். கணிதத்திலும் பொருளியலிலும் பெரும்பாலும் அகரவரிசையே பின்பற்றப்படுகிறது. இரு நெறியாளர்களும் தத்தம் வழக்கமே இயல்பானது என்று எண்ணியிருப்பார்கள். அதில் யாருடைய தவறும் இல்லை, ஆனால் நடுவில் இருக்கும் மாணவிக்குத்தான் இழப்பு. யார் எந்த வேலையைச் செய்தார் என்பதை 14 வகைகளாகப் பிரித்துக் கட்டுரையிலேயே குறிப்பிடும் முறையைப் பல ஆய்விதழ்கள் ஏற்றிருக்கின்றன. அதையும் அவர் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நிறுவனத்துடனான ஒப்பந்தத்தைத்தான் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். புதிய கருவியோ முறையோ உருவானால், அதைப் பற்றிக் கட்டுரை வெளியான பிறகு பல நாடுகளில் அதற்குக் காப்புரிமை பெற முடியாது. எனவே வெளியிடுமுன் படித்துப் பார்க்க நிறுவனம் சில வாரங்களோ ஓரிரு மாதங்களோ அவகாசம் கேட்பது முறையானதே. ஆனால் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது என்ற வாசகம் இருந்தால், அதை மாற்றாமல் கையெழுத்திடக் கூடாது. கலிஃபோர்னியாவில் பெட்டி டாங் என்ற ஆய்வாளர் தைராய்டு மருந்துகளை ஒப்பிட்டுச் செய்த ஆய்வில், நிதியளித்த நிறுவனத்தின் மருந்தும் வேறு மருந்துகளும் ஒரே பலன் தருகின்றன என்று தெரிந்தது. ஒப்பந்தத்தில் அத்தகைய வாசகம் இருந்ததால், ஆய்விதழ் ஏற்றுக்கொண்ட கட்டுரையை 1995-இல் திரும்பப் பெற நேர்ந்தது. அது அச்சேறியது 1997-இல். நிலைத்த பதவியில் இருப்பவர் அந்தக் காத்திருப்பைத் தாங்கலாம். உதவித்தொகை முடியப்போகும் மாணவியால் தாங்க முடியாது. ஆய்வேட்டை எந்தத் தடையும் இன்றிச் சமர்ப்பிக்கும் உரிமை, நிறுவனம் இடையில் விலகினாலும் அதுவரை கிடைத்த தரவுகளைப் பயன்படுத்தும் உரிமை, உதவித்தொகைக்கு யார் பொறுப்பு என்ற தெளிவு ஆகிய மூன்றும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகங்களில் இதற்கென அலுவலர்கள் இருப்பார்கள். அவர்களிடம் கேட்பது நெறியாளரை நம்பாததாகாது.

வேலைவாய்ப்பைப் பற்றிய உங்கள் கவலைக்கும் நேரடியாகப் பதில் சொல்கிறேன். பல துறைகளைத் தொடும் ஆய்வுக்கு எல்லோரும் வரவேற்புரை வாசிக்கிறார்கள். ஆனால் நிதியும் ஆசிரியர் பணியும் பெரும்பாலும் தனித்தனித் துறைகள் வழியாகவே வழங்கப்படுகின்றன. ஆஸ்திரேலிய ஆராய்ச்சி மன்றத்துக்கு வந்த விண்ணப்பங்களை ஆராய்ந்து 2016-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, துறைகளின் கலப்பு கூடக் கூட நிதி கிடைக்கும் வாய்ப்பு குறைந்ததைக் காட்டியது. இதற்கு மாற்று, தாய்த்துறையில் வேரை ஆழமாக விடுவதுதான். அவருடைய முனைவர் பட்டம் புள்ளியியல் துறையின் பெயரில் வரட்டும். ஆய்வேட்டின் ஓர் இயலாவது புதிய புள்ளியியல் முறையைப் பற்றியதாக இருந்து, புள்ளியியல் ஆய்விதழில் கட்டுரையாகட்டும். மருத்துவக் கட்டுரைகள் அதனுடன் சேர்ந்து வரும்போது வலுவாகும். அவை மட்டுமே இருந்தால், புள்ளியியல் துறைத் தேர்வுக் குழு அவரை மருத்துவத்தின் ஆளாகவும், மருத்துவத் துறை அவரைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவராகவும் கருதிவிடக்கூடும்.

சேர்க்கையை உறுதிசெய்வதற்கு முன், இரு நெறியாளர்களையும் ஒன்றாகச் சந்தித்துப் பேச அவர் நேரம் கேட்கட்டும். இருவரில் யார் முதன்மை நெறியாளர், கருத்து மாறுபட்டால் யார் சொல் இறுதி, வாரத்தில் எத்தனை நாள் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பவற்றை அந்தச் சந்திப்பிலேயே கேட்டுவிடலாம்; பேசியதைச் சுருக்கமாக எழுதி இருவருக்கும் அன்றே மின்னஞ்சல் அனுப்பட்டும். அதே நெறியாளர்களிடம் படித்து முடித்தவர்களும், பாதியில் விட்டவர் எவரேனும் இருந்தால் அவரும் சொல்வதைக் கேட்பது அவசியம். நேரத்துக்கு ஒப்பந்த நகல் கிடைக்கவில்லை என்றால், சேர்க்கைக்கான கடைசி நாளைச் சில நாட்கள் தள்ளிவைக்கும்படி கேட்கலாம். நகல் கைக்கு வந்ததும் எனக்கும் அனுப்பிவையுங்கள், வெளியீடு பற்றிய பகுதியை முதலில் படித்துப் பதில் எழுதுகிறேன்.