ஒன்றரை வயதுக் குழந்தைக்கு விலங்குச் சத்தப் புத்தகம் ஏன் இவ்வளவு பிடிக்கிறது?

'மாடு ம்மா, ஆடு மே' என்று வரும் அட்டைப் புத்தகத்தைத் தவிர என் ஒன்றரை வயது மகன் வேறெதையும் தொடுவதில்லை, அதில் அப்படி என்ன இருக்கிறது, இன்னும் நல்லதாக ஏதாவது வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் கையில் இருப்பதைப் பிடுங்கிவிட்டு வாங்காதீர்கள். இரண்டு பிள்ளைகளுக்கு இந்த வகைப் புத்தகங்களைத் தொண்டை வறள வாசித்தவன் என்ற ஒரே தகுதியில் சொல்கிறேன்.

மற்ற புத்தகங்களில் நாம் படிக்கிறோம், குழந்தை கேட்கிறது. இதில் மட்டும் குழந்தைக்கும் ஒரு வேலை இருக்கிறது. "மாடு எப்படிக் கத்தும்?" என்று கேட்டுவிட்டு நீங்கள் வாயை மூடிக்கொள்கிறீர்கள். அவன் "ம்மா" என்கிறான். நீங்கள் கை தட்டுகிறீர்கள், அவன் முழுக் கையாலும் அடுத்த அட்டையைப் புரட்டுகிறான். ஒழுங்காகப் பேச்சே வராத வயதில் ஒரு பெரிய மனிதரோடு முறை வைத்துப் பேசுகிறான், அதுவும் தப்பில்லாத பதிலோடு! நாள் முழுக்க 'அதைத் தொடாதே, இங்கே வா' என்று கேட்டுக்கொண்டே இருப்பவனுக்கு இந்த மரியாதை வேறெங்கே கிடைக்கும்?

வாய்க்கும் இது வசதி. 'மாடு' என்று சொல்ல நாக்கை மடக்க வேண்டும். 'ம்மா'வுக்கு உதட்டை மூடித் திறந்தால் போதும். அதையும் உங்கள் முகத்தைப் பார்த்தே பிடித்துக்கொள்ளலாம். டுவைலா டார்டிஃப் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் அமெரிக்கா, ஹாங்காங், பெய்ஜிங் குழந்தைகளின் முதல் பத்துச் சொற்களை ஒப்பிட்டு 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்கக் குழந்தைகள் முதலில் சொல்லும் சொற்களில் அப்பா, அம்மாவோடு ஆடு கத்துவதும் நாய் குரைப்பதும் இடம் பிடித்திருந்தன.

திரும்பத் திரும்ப அதையே கேட்பதைப் பற்றியும் கவலை வேண்டாம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2011-இல் வந்தது. வெவ்வேறு கதைகளைக் கேட்டவர்களைவிட ஒரே கதையைத் திரும்பக் கேட்டவர்கள் புதிய சொற்களை நன்றாகக் கற்றிருந்தார்கள். நமக்குத்தான் அலுக்கிறது, அவனுக்கு இல்லை.

சத்தமெல்லாம் பாடமான பிறகு இன்னொரு விளையாட்டு தொடங்கும். நாய்ப் படத்தைக் காட்டி "மியாவ்" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் உங்களை ஒரு மாதிரி பார்ப்பான், அப்புறம் விழுந்து விழுந்து சிரிப்பான். சரியானது தெரிந்தால்தானே தப்பு சிரிப்பாக வரும். அமெரிக்காவில் சாண்ட்ரா பாயின்டன் 1982-இல் எழுதிய 'மூ, பா, லா லா லா' இந்தக் குறும்பை வைத்தே நாற்பது வருடம் தாண்டியும் விற்கிறது. அதில் பன்றிகள் கத்துவதற்குப் பதில் பாட்டுப் பாடும்.

இப்போது எதை வாங்குவது? என் கட்சி இதுதான்: பொத்தானை அமுக்கினால் தானே கத்தும் புத்தகம் வேண்டாம். குழந்தையின் முறை வரும்போது பொத்தான் பேசிவிடுகிறது, நீங்களும் சும்மா இருந்துவிடுகிறீர்கள். அமெரிக்காவில் அன்னா சோசா என்பவர் பத்து முதல் பதினாறு மாதக் குழந்தைகளையும் பெற்றோரையும் வைத்துச் செய்த ஆய்வு 2016-இல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. பேசும் பண்ணைப் பொம்மை மாதிரியான மின்னணுச் சாமான்களோடு விளையாடியபோது பெற்றோரும் பிள்ளையும் குறைவாகவே பேசினார்கள். பண்ணை விலங்குகள் உள்ளிட்ட சாதாரண அட்டைப் புத்தகங்களை வைத்திருந்தபோது அதிகம் பேசினார்கள். சின்ன ஆய்வுதான், இருபத்தாறு ஜோடி. ஆனாலும் என் வீட்டில் பார்த்ததோடு அப்படியே ஒத்துப்போகிறது.

மற்றபடி பக்கத்துக்கு ஒரே ஒரு விலங்கு, பெரிய படம், மழுங்கிய மூலை. கடித்தாலும் தாங்கும் தடிமன் கட்டாயம், ஏனென்றால் கடிப்பான். வெளிநாட்டுப் புத்தகங்களில் எனக்கு ஒரு குறை உண்டு. வாத்தும் பன்றியும் இருக்கும், ஜன்னலில் தினமும் வந்து உட்காரும் காக்கா இருக்காது. சோறு ஊட்டும்போது நாம் முதலில் காட்டுவதே அதைத்தானே! பின்னட்டையின் உள்பக்கம் காலியாக இருந்தால் நீங்களே மார்க்கரில் ஒரு காக்கா வரைந்துவிடுங்கள். கோழி மாதிரி வந்தாலும் பரவாயில்லை, "கா கா" என்று நீங்கள் சொன்னால் அவன் ஒத்துக்கொள்வான்.

பொத்தான் புத்தகம் ஏற்கெனவே பரிசாக வந்துவிட்டது என்றால் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால், அது உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம். பேட்டரியைக் கழற்றி எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, சாதாரணப் புத்தகமாகவே படியுங்கள். வாங்கிக் கொடுத்த மாமா கேட்டால் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.