மாஸ்டர் இல்லாமல், வீடியோ பார்த்தே கராத்தே பழகலாமா?

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். உயர்தரப் பரீட்சை எழுதியாயிற்று, கையில் நேரம் இருக்கிறது, ஊரில் கராத்தே வகுப்பு இல்லை, கிட்டிய வகுப்புக்குப் போவதென்றாலும் பஸ் ஏறவேண்டும். யூடியூப்பைப் பார்த்துத் தானாகவே பழகினால் போதாதா என்பதுதான் கேள்வி.

நானும் அந்தப் பக்கத்து ஆள்தான். முதலில் தனியாகவும் பிறகு மாஸ்டரிடமும் பழகியவன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2013 அளவில் தொடங்கினேன். போர் முடிந்து ஊரில் மீளக்குடியேறிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. வீடியோ ஓடுகிற அளவுக்கு எங்கள் வீட்டடியில் சிக்னல் இல்லை. டவுனில் ஒரு கொமினிக்கேசன் கடையில் சொல்லிவைத்தால் மெமரி காட்டில் ஏற்றித் தருவார்கள். பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் வளவில் முதிரை மரத்தோடு போனைச் சாத்திவைத்து, பார்த்துப் பார்த்துச் செய்வேன். ஒருநாளும் விட்டதில்லை. அரிவி வெட்டு நடக்கிற நாளிலும் அரை மணித்தியாலமாவது செய்துவிட்டுத்தான் கிணற்றடிக்குப் போவேன். இரண்டு வருடத்தில் ஹெய்யான் ஷொடான் என்ற முதல் கட்டா நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் வரும் என்ற நிலைக்கு வந்திருந்தேன். அடியையும் தடுப்பையும் ஓர் ஒழுங்கில் கோத்த பயிற்சியைத்தான் கட்டா என்பார்கள்.

பிறகு மாங்குளத்தில் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் சனி ஞாயிறு வகுப்பு நடக்கிறதென்று கேள்விப்பட்டுப் போனேன். மாஸ்டர் என்னைவிடப் பத்து வயது கூடியவராக இருப்பார். “என்ன தெரியும் தம்பி, செய்து காட்டும் பாப்பம்” என்றார். செய்து காட்டினேன். 21 அசைவில் ஒன்றும் பிசகவில்லை என்றுதான் நினைத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். “முழுக்க மறுவளமாச் செய்யிறீர்” என்றார்.

வீடியோவில் செய்து காட்டியவர் கமராவைப் பார்த்து நின்றவர். அவருடைய இடது பக்கம் எனக்கு வலது பக்கம். ஹெய்யான் ஷொடான் இடப்பக்கம் திரும்பி, இடக்கையால் கீழே தடுப்பதில் தொடங்கும். நான் இரண்டு வருடமாக வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அதைச் சொல்ல வளவில் ஒருவரும் இல்லை. அம்மா திண்ணையில் இருந்து பார்ப்பா, “வடிவாத்தான் செய்யிறாய்” என்பா.

அது ஒரு மாதத்தில் திருந்திவிட்டது. பெரிய பிழை காலில் இருந்தது. முன்காலை மடித்து, பின்காலை நீட்டி நிற்கும் நிலையைச் சென்குட்சு டாச்சி என்பார்கள். உடம்புப் பாரத்தில் ஏறத்தாழ 60 வீதம் முன்காலில் இருக்கும். இரண்டு பாதத்துக்கும் நடுவே, குறுக்குவாட்டில், இடுப்பு அல்லது தோள் அகலத்துக்கு இடைவெளி வேண்டும். பக்கத்தில் நின்று எடுத்த வீடியோவில் அந்த அகலம் தெரியாது. நான் இரண்டு பாதத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பழகியிருந்தேன். மாஸ்டர் பக்கத்தில் வந்து என் தோளில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தள்ளினார். விழுந்துவிட்டேன். எழும்பி நின்றதும் தன் காலால் என் பாதத்தை ஒரு சாண் விலக்கி வைத்தார், இடுப்பைப் பிடித்து முன்னுக்குத் திருப்பினார், திரும்பவும் தள்ளினார். அசையவில்லை. வீடியோவில் நான் நூறு தடவை பார்த்த நிலைதான் அது. ஆனால் அன்றைக்குத்தான் அதில் நின்றேன்.

நம் உடம்பு எப்படி நிற்கிறதென்று நமக்கே தெரியாது. தோள் தளர்ந்திருக்கிறது என்று நினைப்போம், அது காதடிவரை ஏறியிருக்கும். முழங்கால் நேரே இருக்கிறது என்று நினைப்போம், உள்ளுக்குச் சரிந்திருக்கும். இது புத்திக் குறைவு அல்ல, எல்லோருக்கும் அப்படித்தான். வெளியில் இருந்து ஒரு கண் பார்க்கவேண்டும், சில வேளை ஒரு கை தொட்டுத் திருப்பவும் வேண்டும்.

காயக் கதையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் கேட்டவர் இன்றைக்கே தொடங்கிவிடக்கூடும். தென்னங்குற்றி ஒன்றில் சாக்கைச் சுற்றிக் கட்டிக் குத்திப் பழகினேன். கராத்தேயில் குத்து விழவேண்டியது சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் அடிமூட்டுகளில். அந்த இரண்டும்தான் மணிக்கட்டுக்கும் முன்கைக்கும் நேரே வருபவை. என்னுடைய மணிக்கட்டு வளைந்திருந்ததால் பாரம் முழுக்கச் சின்னவிரல் பக்கம் விழுந்திருக்கிறது. ஒருநாள் வீங்கியது. எக்ஸ்ரே எடுத்தால் சின்னவிரலுக்கு நேரே உள்ளங்கை எலும்பில் வெடிப்பு. ஆறு கிழமை கை கட்டோடு இருந்தது, அந்த முறை விதைப்புக்கு நான் உதவவில்லை.

கால் உதையும் அப்படித்தான். மாய் கெரி என்ற முன்னுதையை வெறுங்காற்றில் முழு வேகத்தோடு எறிந்து, முழங்கால் பூட்டிக்கொள்ளும் வரை நீட்டுவேன். உதையில் காலை வெளியே விடுவதைவிட இழுத்து மடிப்பதுதான் முக்கியம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வளைத்து உதைக்கும் மாவாஷி கெரி இன்னும் மோசம். உதைக்கும்போது ஊன்றிய பாதமும் சேர்ந்து சுழலவேண்டும். எங்கள் பக்கத்து மணலில் பாதம் புதைந்துவிடும், சுழலாது. இடுப்பு திரும்பும், பாதம் திரும்பாது, இரண்டுக்கும் நடுவில் முழங்கால் முறுகும். என் இடது முழங்கால் இன்றைக்கும் மழைக்காலத்தில் நோகும். அந்த உதையைச் சீமெந்துத் தரையில் மெதுவாகப் பழகுங்கள், மணலில் வேண்டாம்.

இன்னொரு குழப்பம், பாணிகள். ஷோட்டோகான், கோஜு ரியு, ஷிட்டோ ரியு, வாடோ ரியு என்று நாலு பெரிய பாணிகள் உண்டு. யூடியூப் அவற்றைப் பிரித்துத் தராது. ஷோட்டோகானில் ஹெய்யான் ஷொடான் என்று வரும் முதல் கட்டாவைத்தான் ஷிட்டோ ரியுவிலும் வாடோ ரியுவிலும் பினான் நிடான், அதாவது இரண்டாவது என்பார்கள். நான் ஒரு பாணியில் நிலையையும் இன்னொன்றில் உதையையும் எடுத்துக் கலந்துவைத்திருந்தேன்.

இவ்வளவையும்கூட, நல்ல கண்ணாடியும் பொறுமையும் இருந்தால் பாதியாவது தவிர்க்கலாம். தனியாக ஒருபோதும் பழக முடியாதது ஒன்று இருக்கிறது, அது இடைவெளி. ஜப்பானியர் மாஆய் என்பார்கள். எதிரில் நிற்பவருக்கும் உங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம், அவர் எந்த நொடியில் அதைக் கடப்பார் என்ற கணக்கு. வகுப்பில் என்னோடு முதலில் நின்றது பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு தங்கச்சி. ஓர் அடி, ஒரு தடுப்பு, அவ்வளவுதான் பயிற்சி. முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் குத்தினாள். நான் கை தூக்க முன்னம் அவளுடைய கைமுட்டி என் மூக்குக்கு ஒரு விரல் தூரத்தில் வந்து நின்றது. நிறுத்தவும் அவளுக்குத் தெரிந்திருந்தது, அதைப் பார்த்துத்தான் எனக்கு மரியாதை வந்தது. முதிரை மரம் ஒருநாளும் என்னை நோக்கி வந்ததில்லை.

தனியாகப் பழகலாம் என்பவர்கள் மாஸ் ஓயாமாவைச் சொல்வார்கள். கியோகுஷின் பாணியை உருவாக்கியவர், மலையில் தனியே இருந்து பயிற்சி செய்தவர், எல்லாம் உண்மை. ஆனால் மலைக்குப் போக முன்னரே அவர் ஷோட்டோகானைத் தொடக்கிய ஃபுனாகோஷியிடமும், பிறகு கோஜு ரியு ஆசிரியர் ஒருவரிடமும் பழகியிருந்தார். திருத்தப்பட்ட உடம்போடு தனிமைக்குப் போனவர் அவர். அந்த ஃபுனாகோஷியோ ஜப்பானின் ஒகினாவாத் தீவில் பள்ளி ஆசிரியராக இருந்தபடியே அசாதோ, இதோசு என்ற இரண்டு பேரிடம் பழகினார். இரவில் அசாதோ வீட்டு முற்றத்தில், அவர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே கட்டாவை மாதக்கணக்கில் செய்தவர். 1922இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டியது அதற்கெல்லாம் பிறகுதான். கிட்டத்து உதாரணம் வேண்டுமென்றால், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கட்டாவில் தங்கம் எடுத்த கியூனா ரியோ. பல உலகப் பட்டங்களுக்குப் பிறகும் அவர் தன் ஆசிரியர் சாகுமோட்டோவிடம் திருத்தம் வாங்கிக்கொண்டுதான் அந்த மேடைக்கு வந்தார்.

அதற்காக எந்த மாஸ்டரிடமும் போங்கள் என்று சொல்லமாட்டேன். வேறொரு வகுப்பில் எட்டு வயதுப் பிள்ளைகளைச் சீமெந்தில் கைமுட்டி ஊன்றித் தண்டால் எடுக்கவைத்ததைப் பார்த்தேன். எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற வயது அது. காசு கட்டினால் மூன்று மாதத்துக்கு ஒரு பட்டி என்று நிறம் மாறிக்கொண்டே போகும் இடங்களும் உண்டு. அப்படியான இடத்தைவிட வளவில் தனியே பழகுவது நல்லது என்றே நினைக்கிறேன். எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு வகுப்பைச் சும்மா ஓரமாய் இருந்து பாருங்கள். மாஸ்டர் முன்னால் நின்று எண்ணிக்கை மட்டும் சொல்கிறாரா, அல்லது வரிசைக்குள் நடந்து ஒவ்வொருவருடைய காலையும் தோளையும் பார்க்கிறாரா? பிள்ளைகள் அவருக்குப் பயந்து நிற்கிறார்களா, அவரிடம் கேள்வி கேட்கிறார்களா? சுவரில் தொங்கும் சான்றிதழைவிட எனக்கு இதுதான் பெரிது. எங்கள் மாஸ்டருடைய சான்றிதழெல்லாம் 2009இல் இடம்பெயர்ந்த வழியில் போய்விட்டது. அவரைப் பழக்கியவரும் அந்த வருடத்தோடு இல்லை. என் இடுப்பைத் திருப்பிவிடும்போது சில நாளில் சொல்லுவார், “எனக்கும் இதே பிழைதான் இருந்தது, இப்பிடித்தான் திருப்பிவிட்டவர்” என்று.

சரி, உங்கள் நிலைமைக்கு வருவோம். தினமும் பஸ் ஏற முடியாது, தேவையும் இல்லை. கராத்தேயில் பெரும் பகுதி தனியே செய்யும் பயிற்சிதான். வகுப்பு பிழையைக் கண்டுபிடிக்க, வீடு அந்தத் திருத்தத்தை உடம்பில் ஏற்ற. கிழமையில் ஒருநாள் போங்கள். முடியாவிட்டால் மாதத்தில் இரண்டு நாளாவது போங்கள். மாஸ்டரிடம் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அடுத்த முறை வரைக்கும் நான் எதைத் திருத்தவேணும் சேர்?” அவர் சொல்லும் அந்த ஒன்றை மட்டும் வீட்டில் செய்யுங்கள். முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் போனில் படம்பிடித்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். என்னுடைய மாஸ்டர் இரவில் குரல் பதிவில் பதில் போடுவார்.

வகுப்பில் சேரும்வரை சும்மா இருக்கவேண்டாம். நிலைகளில் அசையாமல் நின்று தொடைக்குப் பலம் ஏற்றுங்கள், இடுப்பையும் பின்தொடையையும் இளக்குங்கள், காலமை வெயில் ஏற முன் ஓடுங்கள். கட்டாவைத் தொடாதீர்கள், கடினமான எதையும் குத்தாதீர்கள், சினேகிதர்களோடு மோதிப் பார்க்காதீர்கள். வெறுங்காலோடு இறங்க முன்னம் முற்றத்தைக் கூட்டுங்கள், நெருஞ்சி முள்ளுக்குக் கராத்தே தெரியாது. யூடியூப்பை விடவேண்டியதில்லை. மாஸ்டர் காட்டிய ஒன்றை நினைவில் கொண்டுவர அது நல்ல உதவி, ஆனால் அவருடைய பாணியிலேயே, முதுகைக் காட்டி நின்று செய்யும் வீடியோவாகத் தேடி எடுங்கள்.

கார்த்திகை மழை பிடிக்க முன் போய்ச் சேர்ந்துவிடுங்கள், அந்த மாதங்களில் பாதி வகுப்பு நடக்காது. உடுப்பை உடனே வாங்கவேண்டாம், தளர்ந்த ஒரு காற்சட்டையும் ரீசேட்டும் போதும். கால், கை நகங்களை வெட்டிக்கொண்டு போங்கள். வீடியோ பார்த்து ஏதாவது பழகியிருந்தால் அதை மாஸ்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், எங்கிருந்து தொடங்குவதென்று அவர் பார்த்துக்கொள்வார்.