தினமும் 200 தரம் குதித்தால் வேகம் கூடுமா?

கேள்வி: எனக்கு வயது 18. யாழ்ப்பாணம் குருநகரில் ஒரு உதைபந்தாட்டக் கழகத்துக்காக விங்கில் (மைதானத்தின் ஓரப் பக்கத்தில்) விளையாடுகிறேன். முதல் நாலைந்து அடிக்குள்ளேயே எதிராளி என்னை முந்திவிடுகிறார். உயரப் பந்துக்கும் எழும்ப முடியவில்லை. வீடியோ பார்த்து ஒரு மாதமாகச் சீமெந்து முற்றத்தில் தினமும் 200 தரம் குதிக்கிறேன். வேகம் கூடவில்லை, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்புதான் நோகிறது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, அந்த நோ போகும்வரை ஒரு குதிப்பும் வேண்டாம். விரலால் அமர்த்தினால் ஒரே இடத்தில் குத்துகிறதா? படுத்திருக்கும்போதும் நோகிறதா? அப்படியென்றால் எலும்பில் மெல்லிய வெடிப்பு இருக்கக்கூடும். தள்ளிப்போடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

சரி, இவ்வளவு குதித்தும் ஏன் வேகம் வரவில்லை? நீங்கள் செய்ய நினைத்தது பிளையோமெட்ரிக் பயிற்சி. கால் தரையில் படும்போது கெண்டைத் தசையும் குதிக்கால் தசைநாணும் இழுபட்டு, இழுத்த ரப்பர் போலச் சக்தியைச் சேர்த்துக்கொள்கின்றன. அந்தக் கணமே உந்தி எழும்பினால் அது உங்களுக்கு உதவும். கொஞ்சம் தாமதித்தாலும் வெப்பமாக வீணாகிவிடும். வேகமான குதிப்பில் பாதம் தரையில் இருப்பது கால் செக்கனுக்கும் குறைவு. களைத்த கால் அப்படி எழும்பாது. அதனால் உங்கள் 200இல் பெரும்பகுதி எலும்பைத்தான் அடித்திருக்கிறது. 1960களில் உயரத்திலிருந்து இறங்கி உடனே எழும்பும் முறையை வளர்த்த சோவியத் பயிற்றுநர் யூரி வெர்கோஷான்ஸ்கியும் எண்ணிக்கையைக் குறைவாகவே வைத்தார்.

நோ முழுதாக மாறியபின் முதல் இரண்டு கிழமையும் இறங்கப் பழகுங்கள். ஒரு முழத்துக்கும் குறைந்த படியிலிருந்து இறங்கி, சத்தமில்லாமல் பாதம் பதித்து, இரண்டு செக்கன் அசையாமல் நில்லுங்கள். முழங்கால் உள்ளே சாயக் கூடாது. யாரையாவது முன்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள், தனக்கே அது தெரியாது. பலர் இதைத் தாண்டிப் போய்த்தான் முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் கிழமைக்கு இரண்டு நாள், இடையில் 48 மணி நேரமாவது ஓய்வு. ஒரு நாளைக்குப் பாதம் தரையில் படுவது மொத்தம் 80 தரம் போதும். ஐந்தைந்தாகக் குதித்து, ஒவ்வொரு ஐந்துக்கும் பிறகு ஒரு நிமிடமாவது ஆறுங்கள். முதல் அடி வேகத்துக்கு முன்னோக்கிய பாய்ச்சல். உயரப் பந்துக்கு மேல்நோக்கிய குதிப்பு. இரண்டும் வேண்டும். உடம்பைச் சூடாக்கியதும், பந்தைத் தொட முன்னம் செய்யுங்கள். மாட்சுக்கு முதல் நாள் வேண்டவே வேண்டாம்.

சீமெந்தை விட்டுவிடுங்கள். கோடையில் எங்கள் மைதானங்களும் கல்லாய்த்தான் இறுகிக் கிடக்கின்றன. புல் உள்ள பக்கமாகத் தேடுங்கள். கடற்கரை மணல் உடம்புக்கு இதம், இறங்கப் பழக நல்லது. ஆனால் மணலில் கால் புதைந்து எழும்பத் தாமதிக்கும் என்பதால் வேகக் குதிப்புக்குப் புல்தரைதான் சரி.

இதோடு கால்களுக்குக் குந்தி எழும்பும் பலப் பயிற்சியும் சேருங்கள். தொடங்கும் நாளில் விரலில் சுண்ணாம்பு பூசி, எழும்பிச் சுவரில் தொட்டு உயரத்தைக் குறியுங்கள். 10 மீற்றர் ஓட்ட நேரத்தையும் எழுதிவையுங்கள். எட்டுக் கிழமை கழித்து அதே சுவரில் திரும்பத் தொட்டுப் பாருங்கள்.