ஃப்ரோடோவின் முகம் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

நான் மும்பை செம்பூரில் இருக்கிறேன். காலேஜ் போகிற காலத்தில் டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலின் மூன்று பாகத்தையும் லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே படித்து முடித்தவள். படம் வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன், அழுதேன், மறுபடியும் பார்த்தேன். ஆனால் படிக்கும்போது என் மனதில் இருந்த கதாநாயகன் ஃப்ரோடோவின் முகம் இப்போது எவ்வளவு யோசித்தாலும் வரமாட்டேன் என்கிறது. படத்தில் நடித்த எலைஜா வுட்தான் வந்து நிற்கிறார். “11 ஆஸ்கர் வாங்கின படம், உனக்கு இன்னும் என்ன குறை?” என்கிறார் என் கணவர். இப்போது 12 வயது மகள், படத்தைத்தான் முதலில் பார்ப்பேன் என்று அடம்பிடிக்கிறாள். காட்டலாமா? எனக்கு அந்தப் படத்தின் மேல் இருப்பது பாசமா கோபமா என்றே தெரியவில்லை.

– செம்பூர் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 11 ஆஸ்கரும் மூன்றாம் படத்துக்கு மட்டும் என்று கணவரிடம் சொல்லுங்கள். மூன்றையும் சேர்த்தால் 17. அவர் கட்சிக்குத்தான் பலம் கூடும், பரவாயில்லை.

எனக்கும் முகம் போயிற்று. கதையில் வரும் கிழ மந்திரவாதி கண்டால்ஃப் எனக்கு, மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துக்கு வந்துபோகும் சாஸ்திரிகள் ஒருவரின் ஜாடை. தாடி மட்டும் நானாக ஒட்டியது. படத்தில் கண்டால்ஃபாக நடித்த இயன் மெக்கெல்லன் வந்து உட்கார்ந்ததும் சாஸ்திரிகள் எழுந்து போய்விட்டார். வருத்தமே இல்லை. வந்தவர் மேல்.

ஃப்ரோடோவோடு பயணம் போகும் வீரன் போரோமிரின் சாவையும் அப்படித்தான் சொல்வேன். புத்தகத்தில் அவன் போடும் சண்டையை நாம் பார்ப்பதே இல்லை. கொம்பு ஊதும் சத்தம் கேட்டுத் தோழன் அரகார்ன் ஓடிப்போனால், உடம்பெல்லாம் அம்பு தைத்து மரத்தில் சாய்ந்து கிடக்கிறான். அதுவும் இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில். இயக்குநர் பீட்டர் ஜாக்சன் அதை முதல் படத்தின் முடிவுக்கு இழுத்துவந்து, ஒவ்வோர் அம்பாகத் தைக்கவிட்டார். தியேட்டரில் என் கையில் இருந்த சமோசா அப்படியே ஆறிப்போயிற்று. புத்தகத்தில் காட்டில் குடியிருக்கும் டாம் பாம்படிலைப் படத்தில் வெட்டிவிட்டார் என்று இன்னும் மல்லுக்கு நிற்பவர்கள் உண்டு. எனக்கு அப்பாடா என்றிருந்தது. மனுஷர் பாட்டை நிறுத்தவே மாட்டார்.

பாசமா கோபமா என்றால் எனக்கும் இரண்டும்தான், வேறு வேறு இடத்தில். கோபம் கடைசியில். புத்தகத்தில் அந்தத் தீய மோதிரம் அழிந்த பிறகு ஃப்ரோடோவும் மூன்று தோழர்களும் சொந்த ஊரான ஷயருக்குத் திரும்பினால், ஊர் ஊராக இல்லை. மரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். பழைய மில் இருந்த இடத்தில் புகை கக்கும் புது மில். கெட்டுப்போன மந்திரவாதி சாருமானின் அடியாட்கள் வைத்ததுதான் சட்டம். படத்தில் ஷயர் அதே பச்சை. நால்வரும் விடுதியில் உட்கார்ந்து பழையபடி குடிக்கிறார்கள். ஏற்கெனவே மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படம், அதற்கு மேல் இன்னொரு சண்டை வைத்தால் ஜனங்கள் எழுந்து போயிருப்பார்கள். அந்தக் கணக்கு புரிகிறது. ஆனால் மே மாத லீவுக்கு ஊருக்குப் போக தாதரில் ரயிலேறுகிற நமக்கு அந்த அத்தியாயம் வேறு மாதிரி. நான் நீச்சல் பழகிய குளத்துக்கு ஒரு வருஷம் போனேன். தண்ணீர் இருந்த இடத்தில் மஞ்சள் பெயிண்ட் அடித்த மனைக்கற்கள் வரிசையாக நட்டிருந்தன. “நீங்கதான் பம்பாய்க்குப் போயிட்டீங்களே” என்றார் டீக்கடைக்காரர். படத்தில் அந்த ஷயரைத்தான் கடைசிவரை தேடிக்கொண்டிருந்தேன்.

சரி, முகத்துக்கு வருகிறேன். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில் ஒருமுறை ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ’ வாங்கினேன். அட்டை கிழிந்துபோன பிரதி, அதனால் விலை சல்லிசு. அதில் வரும் மந்திரவாதிப் பையன் கெட். (தமிழில் எழுதினால் பெயர் ஒரு மாதிரிதான் இருக்கிறது, மன்னிக்கவும்.) அவன் செம்பழுப்பு நிறத்தவன் என்று உர்சுலா லெ குவின் 1968-லேயே எழுதிவைத்துவிட்டார். அட்டைப்படம் இல்லாததால் அவனுக்கு நானே ஒரு முகம் கொடுத்தேன். தாராவியிலிருந்து தலையில் அலுமினியப் பாத்திரத்தோடு எங்கள் தெருவுக்கு வரும் இட்லிக்காரரின் மகன் முகம். கதையில் கெட்டுக்கு முகத்தில் தழும்பு விழும். இவனுக்குக் கன்னத்தில் ஏற்கெனவே ஒன்று இருந்தது.

2004-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி அதைத் தொடராக எடுத்தது. கெட் வெள்ளைக்காரப் பையனாகிவிட்டான். லெ குவினே கண்டித்து எழுதினார், அந்த நிறத்தைத் தான் யோசித்துத்தான் வைத்ததாக. மெக்கெல்லன் என் சாஸ்திரிகளை எழுப்பிவிட்டது ஒன்று. இட்லிக்காரர் மகனை வாசலிலேயே நிறுத்திவிட்டது வேறொன்று. நான் அரை மணி நேரம் பார்த்துவிட்டு அணைத்துவிட்டேன்.

உங்கள் மகளுக்குப் புத்தகத்தை முதலில் கொடுங்கள். முழுவதும் வேண்டாம், ஹாபிட்டுகள், அதாவது ஃப்ரோடோவும் அவன் இனத்துக் குள்ளத் தோழர்களும், பிரீ ஊர் விடுதிக்கு வந்து சேரும்வரை போதும். முக்கியமான முகங்கள் அதற்குள் மனதில் ஏறிவிடும். (பாம்படில் அதற்கு முன்னாலேயே வந்துவிடுவார், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.) அப்புறம் படம் போடலாம். போடுவதற்கு முன்னால் ஃப்ரோடோவை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள், கோணல்மாணலாக வந்தாலும் சரி. தாளைப் புத்தகத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள். நாம் இரண்டு பேரும் அதைச் செய்யாமல் விட்டோம்.