படிகத்திலிருந்து ஞாபகத்துக்கு: ஜான் ஹாப்ஃபீல்டு பற்றிய கேள்விகளும் பதில்களும்

கல்லூரியில் திடநிலை இயற்பியல் நடத்துகிற எனக்கு ஹாப்ஃபீல்டு என்றால் முதலில் நினைவுக்கு வருவது படிகமும் ஒளியும்தான். 2024 அக்டோபரில் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு என்ற அறிவிப்பு வந்ததும் செய்திகள் அவரைச் செயற்கை நுண்ணறிவோடு மட்டும் சேர்த்துப் பேசின. மீதிக் கதையையும் பேசுவோம் என்று வாசகர்களிடம் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே.

ஞாபக சக்தியைப் பற்றிய ஆராய்ச்சிக்கு எப்படி சார் இயற்பியல் பரிசு கொடுத்தார்கள்? – பள்ளி ஆசிரியை

அவர் அடிப்படையில் இயற்பியலாளர்தான் டீச்சர். 1933இல் சிகாகோவில் பிறந்தார். அப்பா, அம்மா இரண்டு பேருமே இயற்பியலாளர்கள். தனக்கு இயற்பியல் என்பது பாடப்பொருள் அல்ல, உலகத்தைப் பார்க்கும் ஒரு விதம் என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். அணுவையும் அப்படிப் பார்க்கலாம், மூளையையும் பார்க்கலாம். செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஜெஃப்ரி ஹிண்டனோடு பரிசைப் பகிர்ந்துகொண்டபோது அவருக்கு வயது 91.

பொருளறிவியலில் அவர் உருப்படியாக என்ன செய்தார்? – எம்.எஸ்சி. மாணவர்

நிறைய, தம்பி. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஓவர்ஹவுசரிடம் 1958இல் முனைவர் பட்டம் முடித்தார். ஒளி ஒரு படிகத்துக்குள் போகும்போது அங்கே எக்சிட்டான் என்ற எலக்ட்ரான்–துளை (எலக்ட்ரான் விட்டுப்போன காலி இடம்) ஜோடிகளைக் கிளப்பிவிடுகிறது. அந்த ஜோடி திரும்ப ஒளியைத் தருகிறது. இரண்டு ஊஞ்சல்களை ஒரு கயிற்றால் இணைத்துவிட்டால் எது எதை ஆட்டுகிறது என்று பிரிக்க முடியாது இல்லையா? அதே மாதிரி உள்ளே ஓடுவது ஒளியும் இல்லை, எக்சிட்டானும் இல்லை. இரண்டும் கலந்த ஒன்று. அதற்குப் போலாரிட்டான் என்று பெயர் வைத்தவர் அவர்தான். இன்றும் அந்தப் பெயரில்தான் பாடம் நடத்துகிறோம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது பெல் ஆய்வகத்தின் காலியம் பாஸ்பைடு வேலை. குளிரவைத்த அந்தக் குறைகடத்தி உமிழும் ஒளியில் ஊசி ஊசியாக ஏராளமான நிறக்கோடுகள் தெரிந்தன. ஏன் இத்தனை? எலக்ட்ரானைத் தரும் ஒரு கொடையாளி மாசு அணுவில் இருக்கும் எலக்ட்ரானும், எங்கோ தள்ளி எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் ஓர் ஏற்பான் மாசு அணுவில் இருக்கும் துளையும் சேரும்போது ஒளி வருகிறது. அந்த ஒளியின் ஆற்றல் இரண்டு அணுக்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்தது. படிகத்தில் அணுக்கள் இஷ்டத்துக்கு உட்கார முடியாது. குறிப்பிட்ட தூரங்கள்தான் சாத்தியம். ஆக, ஒவ்வொரு கோடும் ஒரு தூரம். ஒளியைப் பார்த்தே அணுக்களின் இடைவெளியை எண்ணிவிடலாம்! 1963இல் வெளியான இந்த விளக்கத்தைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் நிறைந்துவிடும். ஒளிக்கும் குறைகடத்திகளுக்கும் இடையிலான உறவு பற்றிய பணிக்காக அவருக்கும் உடன் ஆய்வு செய்த டி.ஜி. தாமஸுக்கும் 1969இல் திடநிலை இயற்பியலுக்கான பக்லி பரிசு கிடைத்தது.

அவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த துறையை ஏன் விட்டார்? – ஓய்வுபெற்ற பொறியாளர்

1968 வாக்கில் திடநிலை இயற்பியலில் தன் திறமைக்கு ஏற்ற புதிய கேள்விகள் தீர்ந்துவிட்டதாக அவர் உணர்ந்தார், ஐயா. கேம்பிரிட்ஜில் போய்த் தங்கிப் பார்த்தும் புது வழி எதுவும் தென்படவில்லை. திரும்பி வந்தபோது பெல் ஆய்வகத்தில் ராபர்ட் ஷுல்மன் ஹீமோகுளோபினை ஆராய்ந்துகொண்டிருந்தார். அங்கே நுழைந்தவர்தான்.

1974இல் வந்த ஒரு கட்டுரையை எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். செல் புரதம் செய்யும்போது தவறான அமினோ அமிலத்தை எப்படி இவ்வளவு துல்லியமாக ஒதுக்குகிறது? கொஞ்சம் ஆற்றலைச் செலவழித்து, ஒரே சோதனையை இரண்டு தடவை செய்கிறது என்றார் அவர். ஒரு சோதனையில் 100க்கு 1 தப்பு நழுவினால், இரண்டு சோதனையில் 10,000க்கு 1தான் நழுவும். தனி மூலக்கூறின் வடிவத்தைவிட, வினைகள் கோத்துக்கொண்டிருக்கும் வலைதான் வேலையைச் செய்கிறது என்பது இதில் அவருக்குக் கிடைத்த பார்வை. தனி நியூரானை (நரம்பு செல்லை) விட்டுவிட்டு நியூரான் வலையைப் பார்க்கத் தூண்டியதும் இதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். அவர் ஒரு துறையை உதறிவிட்டு இன்னொன்றுக்குத் தாவினார் என்று சொல்வதை அதனால்தான் நான் ஏற்பதில்லை. பல துகள்கள் சேரும்போது தனித் துகளிடம் இல்லாத ஒன்று எப்படி வருகிறது என்ற ஒரே கேள்வியைத்தான் கடைசிவரை கேட்டார்.

1980இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்துக்கு (கால்டெக்) போனார். அங்கே அவருக்குக் கிடைத்தது வேதியியல், உயிரியல் பேராசிரியர் பதவி.

ஹாப்ஃபீல்டு வலை எப்படி "ஞாபகம்" வைக்கிறது? கணக்கு இல்லாமல் சொல்லுங்கள். – பத்திரிகையாளர்

கொஞ்சம் கணக்கோடு சொல்கிறேன், கூட்டல் போதும். ஹாப்ஃபீல்டு வலை என்பது + அல்லது − நிலையில் இருக்கும், ஒன்றோடொன்று இணைந்த மாதிரி நியூரான்களின் கூட்டம். நான்கு நியூரான்கள். நினைவில் வைக்க வேண்டியது: +, +, −, −. ஒரே நிலையில் உள்ள இரண்டுக்கும் இடையே இணைப்பு +1. எதிர் நிலையில் உள்ளவற்றுக்கு இடையே −1. சேமிப்பு அவ்வளவுதான். இப்போது இரண்டாவதைக் கெடுத்து +, −, −, − என்று கொடுக்கிறேன். அந்த இரண்டாவது நியூரான் மற்ற மூன்றையும் கேட்கிறது. முதலாவது + , இணைப்பும் + : பெருக்கினால் +1. மூன்றாவது − , இணைப்பும் − : மறுபடி +1. நான்காவதும் அப்படியே. கூட்டினால் 3. உடனே அது + ஆக மாறிவிடுகிறது. பழைய நினைவு முழுசாகத் திரும்பிவிட்டது.

இதற்கு ஹாப்ஃபீல்டு ஓர் ஆற்றல் கணக்கு எழுதினார். கெடுத்த நிலையின் ஆற்றல் 0, சரியான நிலையின் ஆற்றல் −6. மேட்டில் விட்ட கோலி பள்ளத்துக்கு உருண்டு வருவதுபோல வலை தானாக இறங்குகிறது. ஒவ்வொரு நினைவும் ஒரு பள்ளம். பாட்டின் முதல் இரண்டு சொல்லைக் கேட்டதும் முழுப் பல்லவியும் வந்து நிற்கிறதே, அதுதான் இது.

ஸ்பின் கிளாஸோடு இதற்கு என்ன தொடர்பு? – ஆய்வு மாணவி

நேரான தொடர்பு, அம்மா. செம்பில் சிறிதளவு மாங்கனீசு கலந்தால் அந்த மாங்கனீசு அணுக்களின் காந்தத் திசைகளில் சில ஜோடிகள் ஒத்திருக்க விரும்புகின்றன, சில எதிராக. எல்லாரையும் திருப்திப்படுத்த முடியாமல், குளிரும்போது ஏதோ ஒரு தாறுமாறான அமைப்பில் உறைந்துவிடுகின்றன. இதுதான் ஸ்பின் கிளாஸ். அப்படிப்பட்ட பள்ளங்கள் ஏராளம். பள்ளங்களை நாமே வேண்டிய இடத்தில் தோண்டினால் அது நினைவகம். இந்த வலையை ஹாப்ஃபீல்டு முன்வைத்த 1982 கட்டுரைக்குப் பின் ஸ்பின் கிளாஸ் கணிதம் தெரிந்தவர்கள் நரம்பியலுக்குள் வந்தார்கள். அமித், குட்ஃபிராய்ண்ட், சொம்போலின்ஸ்கி மூவரும் 1985இல், N நியூரான்களில் ஏறத்தாழ 0.138N நினைவுகள்தான் நிற்கும் என்று அந்தக் கணிதத்தால் காட்டினார்கள்.

நிஜ மூளை இப்படித்தான் வேலை செய்கிறதா? ஜப்பானியர் ஒருவர் முன்பே சொன்னதாகவும் படித்தேன். – மருத்துவ மாணவர்

ஷுன்-இச்சி அமாரி 1972இலேயே இதே மாதிரி வலையை எழுதியிருந்தார். வில்லியம் லிட்டில் 1974இல் காந்தங்களோடு ஒப்பிட்டார். அவர்களுக்கு உரிய இடத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். ஹாப்ஃபீல்டின் பங்கு, ஆற்றல் பள்ளம் என்ற படத்தை எல்லாருக்கும் புரியும்படி வைத்தது.

மூளை இந்த மாதிரியின் நகல் அல்ல. இதில் அ–விலிருந்து ஆ–வுக்கும், ஆ–விலிருந்து அ–வுக்கும் இணைப்பு சமம். மூளையில் நியூரான்களை இணைக்கும் சினாப்ஸ்கள் அப்படி இருப்பதில்லை. ஆனால் மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸில் சி.ஏ.3 என்ற பகுதியில் நியூரான்கள் தமக்குள்ளேயே அடர்த்தியாக இணைந்திருக்கின்றன. 2002இல் சுசுமு டோனெகாவா ஆய்வகத்தினர், அந்தப் பகுதியில் மட்டும் என்.எம்.டி.ஏ. ஏற்பி (நியூரான் இணைப்புகள் வலுப்பட உதவும் புரதம்) இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். நீருக்குள் மறைந்திருக்கும் மேடையை, சுற்றியிருந்த நான்கு அடையாளங்களைப் பார்த்து அவை சாதாரண எலிகளைப் போலவே கண்டுபிடித்தன. மூன்று அடையாளங்களை எடுத்துவிட்டதும் சாதாரண எலிகள் சமாளித்தன, இவை தடுமாறின. துணுக்கைக் கொண்டு முழுமையை நிரப்பும் திறன் மட்டும் போயிருந்தது.

அம்மாவுக்கு மறதி நோய். இந்த ஆராய்ச்சியால் ஏதாவது பயன் உண்டா? – ஒரு மகள்

இது மருந்து அல்ல அம்மா, அப்படிச் சொல்லி உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க மாட்டேன். மாதிரி வலையில் இணைப்புகளை ஒவ்வொன்றாக வெட்டினால் நினைவு சட்டென்று அழிவதில்லை. கொடுக்கும் துணுக்கு பெரிதாக இருந்தால் கொஞ்ச காலம் மீண்டு வருகிறது. மூளையும் அப்படியே என்று நான் சொல்லத் துணியமாட்டேன். உங்கள் மருத்துவர் சொல்வதுதான் முக்கியம்.

பொருளறிவியல் படித்துவிட்டு நரம்பியலுக்குப் போகலாமா? எங்கே தொடங்குவது? – பி.எஸ்சி. மாணவி

போகலாம். ஹாப்ஃபீல்டிடம் பிரின்ஸ்டனில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற டெரன்ஸ் செய்னோவ்ஸ்கி மூளை ஆராய்ச்சிக்குத்தான் போனார். புள்ளியியல் இயற்பியலை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். 2022இல் அந்தத் துறைக்கான போல்ட்ஸ்மன் பதக்கத்தை ஹாப்ஃபீல்டோடு பகிர்ந்துகொண்டவர் நம் நாட்டு இயற்பியலாளர் தீபக் தார். அந்தப் பாடத்துக்கு இங்கேயே ஆள் இருக்கிறார்கள்.

அப்புறம், 100 நியூரான் வலையை நீங்களே பைத்தானில் எழுதிப் பாருங்கள். 1982 கட்டுரையிலும் 30, 100 என்ற அளவுகள்தான். முதலில் 5 வடிவங்களைச் சேமித்து, சிலவற்றைக் கெடுத்துக் கொடுங்கள். சுத்தமாகத் திரும்பி வரும். 10 வைத்துப் பாருங்கள். பிறகு 20. அப்போது திரையில் வருவது நீங்கள் சேமித்த எதனோடும் பொருந்தாது. என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.