மடியில் வந்து ஏறிய பிள்ளை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் தளத்தை மகள் கைப்பேசியில் காட்டித் தந்த நாளிலிருந்து தவறாமல் வாசிக்கிறேன். நாங்கள் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறோம். மகன் கென்யாவில், நைரோபிக்குப் பக்கத்தில் ஆத்தி ரிவர் என்ற இடத்தில், ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். போன டிசம்பரில் நானும் கணவரும் அவனிடம் போயிருந்தோம். அங்கே பழகிய குடும்பம் ஒன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை அநாதைப் பிள்ளைகள் இல்லம் ஒன்றுக்கு அழைத்துப் போனது. அங்கிருந்த எல்லாப் பிள்ளைகளுமே ஏதோ ஒரு நோயோடு இருப்பவர்கள். தலை பெருத்த ஒரு குழந்தை, கை கால் இறுகிய பிள்ளைகள், எச்.ஐ.வி.யோடு பிறந்தவர்கள்.

வாசலில் கால் வைத்ததும் நான்கு வயதிருக்கும் ஒரு பெண் பிள்ளை ஓடி வந்து என் மடியில் ஏறிவிட்டாள். 'ஷோஷோ' என்று கூப்பிட்டாள். பாட்டி என்று அர்த்தமாம். புறப்படும்போது சேலைத் தலைப்பை விடாமல் அழுதாள். அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. இன்னொன்றும் நடந்தது. கை இறுகிய ஒரு பையனுக்கு ரொபி மிட்டாய் கொடுக்கப் போனேன். அங்கே வேலை செய்யும் பெண் அதை என் கையிலிருந்தே பறித்துவிட்டாள். படம் எடுக்கவும் விடவில்லை. ஆசையோடு போன எனக்கு மனம் நொந்துபோனது.

இந்த டிசம்பரும் போகிறோம். கோயிலுக்கு வரும் பெண்கள் உடுப்பும் பொம்மையும் சேர்த்துத் தருகிறார்கள். நான் அன்று செய்தது பிழையா? மறுபடி போகலாமா?

உவர்மலை வாசகி

அன்புள்ள அம்மா,

முதலில் அந்த ரொபியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், உங்களை வருத்தியது அதுதான் என்பதால். கை கால் இறுகிய பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் மூளை முடக்குவாதமாக (செரிப்ரல் பால்சி) இருக்கும். அந்தப் பிள்ளைகள் பலருக்கு வாயும் தொண்டையும்கூடச் சொன்னபடி கேட்பதில்லை. விழுங்கும்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சிலருக்கு இருமல்கூட வராது. சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கி நியுமோனியாவாக மாறும். அதனால்தான் பாலைக்கூடக் கட்டியாக்கி, நேராக உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல் பிடித்து, கரண்டி கரண்டியாக ஊட்டுகிறார்கள். உங்கள் பேரப் பிள்ளையின் வாயில் யாரோ ஒருவர் ஐந்து ரூபாய்க் குற்றியைப் போடப் போனால் என்ன செய்வீர்கள்? பறித்துவிட்டுத்தான் பேசுவீர்கள். அந்தப் பெண் செய்தது அதைத்தான். அந்த இல்லத்தில் நீங்கள் கண்டவற்றில் எனக்கு மிகவும் ஆறுதல் தந்தது அந்தப் பறிப்புத்தான்.

தலை பெருத்த குழந்தையையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். மூளையில் நீர் கோத்த பிள்ளைகளுக்கு, அந்த நீர் வடிய மூளையிலிருந்து வயிறு வரை தோலுக்கடியில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்துத் தைப்பார்கள். அந்தக் குழாய் எப்போது வேண்டுமானாலும் அடைபடலாம். அடைபட்டால் பிள்ளை வாந்தி எடுக்கும், சிணுங்கும், வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்கும். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பவருக்கு அது சமத்தாகத் தூங்கும் குழந்தை. தினமும் குளிப்பாட்டி உடை மாற்றுபவளுக்கு அது உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய குழந்தை. நோயுள்ள பிள்ளையின் உயிர் இப்படி ஒரே ஆள் நாள்தோறும் பார்த்துப் பழகிய கண்ணில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. மருந்தும் வைத்தியரும் அதற்குப் பிறகுதான்.

இனி உங்கள் மடியில் ஏறிய பிள்ளை. இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். நான்கு வயதுப் பிள்ளை முன்பின் தெரியாத ஒருவரின் மடியில் ஓடி வந்து ஏறுவது இயல்பானதல்ல. நம் வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்ப்பார்கள். பழகப் பழகத்தான் கிட்ட வருவார்கள். ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி 1989 இல் விழுந்தபோது அநாதை இல்லங்களில் பெருந்தொகையான பிள்ளைகள் இருந்தார்கள். 2000 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் புக்கரெஸ்ட் நகர இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை எடுத்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, ஆண்டுக்கணக்காகக் கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள், அதிலும் இரண்டு வயதுக்கு முன் போனவர்கள், அறிவிலும் ஒட்டுறவிலும் நன்றாகத் தேறினார்கள். இல்லங்களில் வளர்ந்தவர்களிடம் ஆய்வாளர்கள் கண்ட ஒன்று, அறியாதவர் யாராக இருந்தாலும் தயங்காமல் போய் ஒட்டிக்கொள்வது. பாசத்துக்கென்று ஒருவர் நிலையாக இல்லாததால் வருவது அது. நான்கு வருடப் பசி அம்மா, அது.

நீங்கள் அவளை அணைத்ததில் பிழை இல்லை. பிழை அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு ஷோஷோ வருகிறாள், அணைக்கிறாள், போகிறாள். அந்தப் பிள்ளை வாரத்துக்கொரு முறை தாயை இழக்கிறது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்து எழுதவில்லை. தங்கையின் சம்மதத்தோடு ஒன்றைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது நாங்கள் திருக்கடலூரில் இருந்தோம். எனக்குப் பதினைந்து வயது, அவளுக்கு ஆறு. அவளுக்கு வலிப்பு இருந்தது. மாத்திரைப் போத்தல் வீட்டோடு போய்விட்டது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பி வரும். பாடசாலை ஒன்றில் முகாம் போட்டிருந்தார்கள். அடுத்த வாரங்களில் எத்தனை வாகனங்கள், எத்தனை நாட்டவர்! தங்கைக்கு மூன்று பொம்மைகள் கிடைத்தன. ஒருவர் அவளைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு அந்தப் படத்தை யாரோ ஒரு துண்டுப்பிரசுரத்தில் பார்த்ததாகச் சொன்னார்கள். அவளை அநாதை என்று எழுதியிருந்ததாம். எங்கள் அம்மா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், படத்தில் விழவில்லை.

மாத்திரையைக் கொண்டுவந்தவர் ஊர் ஆஸ்பத்திரித் தாதி ஒருவர். சைக்கிளில் வருவார். வாரம் ஒரு முறை, பல மாதங்கள். தங்கையைத் தூக்கியதாகவோ கொஞ்சியதாகவோ எனக்கு நினைவில்லை. அம்மாவிடம்தான் பேசுவார். இரவு நித்திரை கொண்டாளா, எத்தனை முறை வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்டுக் கொப்பியில் எழுதுவார். தங்கையை அவர் அம்மாவின் கையாலேயே காப்பாற்றினார்.

நாம் போய்ப் பார்க்கப்பட்டவர்கள் அம்மா. இந்த ஊரில் முகாமில் இருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வரிசையில் நின்று சிரித்துப் பை வாங்கியது எப்படி இருந்தது என்று. உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

படம் எடுக்க விடாததற்கும் காரணம் உண்டு. நோயுள்ள பிள்ளைகளின் இல்லத்தில் எடுத்த படம் என்பது ஒரு நோய்ச் சான்றிதழ். நைரோபியில் ந்யும்பானி என்றோர் இல்லம் இருக்கிறது. நீங்கள் போனது எது என்று நீங்கள் எழுதவில்லை. அஞ்சலோ டகஸ்தினோ என்ற குருவானவர், அவர் வைத்தியரும்கூட, எச்.ஐ.வி.யோடு பிறந்து கைவிடப்பட்ட பிள்ளைகளுக்காக 1992 இல் தொடங்கியது. நம் ஊர் புனித சூசையப்பர் கல்லூரியை நடத்திய அதே யேசு சபையைச் சேர்ந்தவர் அவர். அந்தப் பிள்ளைகளை அரசுப் பாடசாலைகள் சேர்க்க மறுத்தன. 2004 இல் நீதிமன்றம் போய்த்தான் வழி பிறந்தது. மருந்தை நேரம் தவறாமல் எடுத்தால் நீண்ட காலம் வாழக்கூடிய பிள்ளைகள் அவர்கள். நாளை படிக்கவும் வேலை தேடவும் மணம் முடிக்கவும் போகிறவர்களின் முகத்தை நம் முகநூலில் போட நமக்கு உரிமை இல்லை.

அதே ந்யும்பானி 1998 இல் வேறொரு வேலையையும் தொடங்கியது. பெயர் லெயா தோத்தோ; பிள்ளையை வளர்ப்பது என்று பொருள். நைரோபியின் சேரிகளில் தாயோடும் பாட்டியோடும் இருக்கும் பிள்ளைகளுக்கு அங்கேயே மருந்தும் சத்துணவும் கொடுப்பது. பிறகு கிடுயி என்ற இடத்தில் ஒரு கிராமத்தையே அமைத்தார்கள். பெற்ற பிள்ளைகளை நோய்க்குக் கொடுத்த முதியவர்களும், பெற்றோரை இழந்த பிள்ளைகளும் அங்கே ஒரே வீட்டில் குடும்பமாக இருக்கிறார்கள். அங்கே நிரந்தர ஷோஷோக்கள் இருக்கிறார்கள் அம்மா. கென்ய அரசும் 2017 இல் புதிய இல்லங்களைப் பதிவதை நிறுத்தியது. 2022 இல் பிள்ளைகளை இல்லங்களிலிருந்து குடும்பங்களுக்குத் திருப்பும் பத்தாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது.

நோயுள்ள பிள்ளைகள்தான் இதில் கடைசியாக நிற்பவர்கள். ருமேனியா 2004 இல் இரண்டு வயதுக்குட்பட்டவர்களை இல்லங்களில் சேர்ப்பதைத் தடுத்துச் சட்டம் இயற்றியபோதும், கடுமையான ஊனமுள்ள குழந்தைகளுக்கு விலக்கு வைத்தது. அவர்களை வீட்டில் வைத்திருக்கச் செலவு அதிகம். இங்கும் அதே கதைதான். நம் நாட்டு இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். இதயத்தில் ஓட்டையுள்ள பிள்ளையோடு இரவு பஸ் ஏறி, 260 கிலோமீட்டர் போய், கொழும்பு, பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையின் வரிசையில் நிற்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். அன்றைய கூலி போய்விட்டது. வீட்டில் மற்றப் பிள்ளைகள். அடுத்த கிளினிக் அடுத்த மாதம். எத்தனை மாதம் தாங்குவாள்?

ஆகவே டிசம்பரில் போங்கள். உடுப்பும் பொம்மையும் வேண்டாம் என்று கோயில் பெண்களிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். காசாகவே சேருங்கள். போகும் முன் மகனைக் கொண்டு இல்லத்துக்கு எழுதி இரண்டு கேள்விகள் கேளுங்கள்: பிள்ளைகளைப் பார்க்கும் பெண்களுக்கு மாதச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கிறதா? எந்தப் பிள்ளையையாவது உறவினரிடம் திருப்பி அனுப்ப மருந்துச் செலவும் பஸ் காசும்தான் தடையாக இருக்கிறதா? உங்கள் பணம் அந்த இரண்டுக்கும் போகட்டும். இரண்டாவது கேள்விக்கு அவர்களிடம் பதிலே இல்லை என்றால், லெயா தோத்தோ போன்ற ஒரு வேலைக்கு அதைக் கொடுங்கள். தடிமன், சளி இருந்தால் போகவே வேண்டாம். இதய நோயுள்ள பிள்ளைக்கு உங்கள் தடிமன் ஆஸ்பத்திரிக் கட்டில். போனால் துணி மடியுங்கள், போத்தல் கழுவுங்கள், ரொபியைப் பறித்த பெண்ணுக்கு அரை மணி நேரம் உட்காரக் கிடைக்கட்டும். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. நன்றி சொல்லுங்கள்.

அந்தச் சின்னவளைக் காணும்போது, அவள் ஓடி வராமல் யாராவது ஒருவரின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்று உங்களை எட்டிப் பார்த்தாள் என்றால், வந்து எனக்கு எழுதுங்கள். நான் காத்திருப்பேன்.